பேட்டரி என்ன பாவம் செய்தது?
ஊட்டியில் டிசம்பர் விடியற்காலை. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிய என் பழைய டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை, ஒரே உதறல். சூடேறினால் சரியாகிவிடும். மெக்கானிக் சோதிக்காமலே புது பேட்டரி மாட்டினார். உதறல் போகவில்லை. அடுத்து, "பம்பை இறக்கணும் சார்" என்றார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரியைக் குறை சொல்வது என்ன நியாயம்? டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும். குளிரில் அதற்குத் துணை ஹீட்டர் பிளக். வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். நல்ல பிளக் ஓரிரு ஓம் காட்டும். என் வண்டியின் 4 பிளக்கில் 2 எதுவும் காட்டவில்லை. அவற்றை மாற்றியதோடு உதறல் போயிற்று.

சோதிக்காமல் கழற்றுவது தொழில் அல்ல, நம் பணத்தில் நடத்தும் சூதாட்டம். அடுத்த முறை, "முதலில் மீட்டரை வையுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.