நிலக்கரியும் நீதிமன்றமும்

“அரசின் கொள்கை முடிவுகளில் நீதிமன்றம் தலையிடலாமா?” என வினவுவோர் பெருகிவருகின்றனர். தலையீடு என்று எதைச் சொல்கிறார்கள்? 1994-ஆம் ஆண்டு டாடா செல்லுலார் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொண்டது. ஒப்பந்தப்புள்ளியில் முடிவு சரியா என்பதை அன்று, முடிவெடுத்த முறை நேர்மையானதா என்பதையே அது ஆராயும். அந்தச் சிறு வாயிலையும் அடைத்துவிட வேண்டுமா?

நிலக்கரிச் சுரங்கங்களை எண்ணிப் பார்ப்போம். 1993 முதல் மத்திய அரசின் தேர்வுக் குழு 36 முறை கூடியது. ஏலமில்லை, போட்டியில்லை. ஒருவருக்கு ஏன் கொடுத்தார்கள், மற்றவருக்கு ஏன் மறுத்தார்கள் என்பது கூட்டக் குறிப்புகளில் தெளிவாக இல்லை. (நம் ஊர்ப் பால் சங்கம்கூட இதைவிட ஒழுங்காகக் குறிப்பெழுதும்.) 2014 ஆகஸ்டில் இம்முறை சட்டவிரோதம் எனத் தீர்ப்பாயிற்று, செப்டம்பரில் 204 ஒதுக்கீடுகள் ரத்தாயின. இது அத்துமீறல் என்றால், எதுதான் கடமை?

நமது மனக்குறை வேறு. தீர்ப்பு வருவதற்குள் இருபத்தொரு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதுவரை வெட்டிய நிலக்கரிக்கு, அரசுக்கு நேர்ந்த இழப்பாக, டன்னுக்கு 295 ரூபாய் செலுத்தும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நிலத்தில் உழுதவனுக்கு நேர்ந்த இழப்பை அக்கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.