தேவநீதியும் சத்துருவும்

சத்துருவை மன்னிப்பது தேவநீதியையே அவமதிப்பதாகும் என்றும், அக்கிரமக்காரனுக்குக் கிருபை காட்டும் கடவுள் துன்புற்றவருக்குத் துரோகம் செய்கிறார் என்றும், திருவனந்தபுரத்துச் சபையொன்றில் நண்பர் ஒருவர் முழங்கினார். நினிவே அழியாமற் பிழைத்ததே என்று யோனா தீர்க்கதரிசி கொண்ட கோபத்தைத்தான், அதற்குக் கடவுள் அளித்த விடையை விட்டுவிட்டு, நண்பர் புதுப்பித்திருக்கிறார்.

நம் கேரளத்துப் புல்லுவழியிற் பிறந்த கன்னியாஸ்திரீ ராணி மரியா, மத்தியப் பிரதேசத்து ஏழை விவசாயிகளை வட்டிக்காரரின் பிடியிலிருந்து மீட்க உழைத்ததால் பகையைத் தேடிக்கொண்டு, 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் செல்லும் பேருந்தில், சக பிரயாணிகள் பார்த்திருக்கக் கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சட்டத்தின் கையை எவருடைய மன்னிப்பும் தடுத்து நிறுத்தவில்லை. பின்னர் 2002இல், ராணி மரியாவின் தங்கையும் கன்னியாஸ்திரீயுமான செல்மி பால் சிறைக்கே சென்று சமுந்தர் சிங்கின் மணிக்கட்டில் சகோதர பந்தத்தைக் குறிக்கும் ராக்கிக் கயிற்றைக் கட்டினார். குடும்பத்தார் அவருடைய விடுதலைக்கு மனப்பூர்வமாகச் சம்மதித்தனர். 2006இல் வெளிவந்தவர் பிறகு புல்லுவழிக்கு வந்தபோது, மகளைக் குத்திய அதே கைகளைப் பற்றிப் பெற்ற தாய் முத்தமிட்டார்.

குற்றம் குற்றமென்றே நிர்ணயிக்கப்பட்ட பிறகல்லவா மன்னிப்புக்கு இடமுண்டாகிறது? இங்கே நீதி எங்கே பங்கப்பட்டது? துன்புற்றவருக்குத் துரோகம் என்கிறாரே, அந்தத் தாயைவிடத் துன்புற்றவர் யார்? அவர் கேளாத பழியை அவர் பெயரால் கேட்கும் அதிகாரத்தை நண்பருக்கு அளித்தவர் யார்?