வெள்ளிக்குக் கணக்கு உண்டு

1941 பிப்ரவரி 17. அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. பெயர் எஸ்.எஸ். கெர்சொப்பா. கர்நாடகத்தின் ஜோக் நீர்வீழ்ச்சிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் இந்தக் கப்பல் கல்கத்தாவில் தேயிலையும் கச்சா இரும்பும் வெள்ளிக் கட்டிகளும் ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மோசமான வானிலை, போதாத நிலக்கரி. பாதுகாப்புக்காகச் சேர்ந்து சென்ற கப்பல் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பியபோது ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் குண்டுக்கு இரையானது. 85 பேர் இறந்தார்கள். உயிர்காப்புப் படகில் 13 நாள் தத்தளித்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை அடைந்த இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் மட்டுமே பிழைத்தார்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2011இல், அமெரிக்கக் கம்பெனி ஒன்று சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 100 டன்னுக்கும் அதிகமான வெள்ளி மேலே வந்தது. கட்டி கட்டியாக எண்ணப்பட்டது. அதில் ஒரு பகுதியை உருக்கி, விளிம்பில் கப்பலின் பெயர் பொறித்த நாணயங்களை 2014இல் வெளியிட்டது பிரிட்டனின் அரச நாணயச்சாலை. சிதைவுக்குள் கிடைத்த கடிதங்கள்கூடப் பக்குவப்படுத்தப்பட்டு, 2018இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன.

அந்தக் கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் யார்? பெரும்பாலோர் இந்தியர்கள். ‘லஸ்கர்’ என்று ஒரே சொல்லில் அடக்கப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இவர்கள். இன்று இவர்களில் ஒருவரது பேரனோ பேத்தியோ, “தாத்தா எந்தக் கப்பலில் போனார்?” என்று தேடக் கிளம்பினால், வெள்ளியைத் தேடியவர்களுக்கு இருந்த வசதிகளில் எதுவும் கிடையாது. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை.

வீட்டுப் பெட்டியில் இருந்துதான் தொடங்க வேண்டும். பணி விடுப்புச் சான்றேடான சி.டி.சி. இருந்தால் பாதி வேலை முடிந்தது. கப்பலின் பெயர், ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் அதில் இருக்கும். பதக்கம் மட்டும் இருந்தால் அது கடலைச் சொல்லும், கப்பலைச் சொல்லாது. அட்லாண்டிக் ஸ்டார் என்றால் ஒரு திசை, பர்மா ஸ்டார் என்றால் வேறு திசை. இரண்டும் இல்லையென்றால் வீட்டில் பேச்சுவாக்கில் மிஞ்சியிருக்கும் சங்கதிதான் கதி: எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எந்த ஆண்டில் தந்தி வந்தது, உடன் போன ஊர்க்காரர் யார்.

கப்பலின் பெயர் தெரிந்ததும் அதன் பதிவு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு என்பதால் எண் முக்கியம். லாயிட்ஸ் பதிவேடுகளில் அது கிடைக்கும். பிறகு லண்டனில், கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே பி.டி. 389 என்ற வரிசையில், போர்க்காலத்தில் ஒவ்வொரு கப்பலும் எந்தத் துறைமுகத்துக்கு என்று போய்ச் சேர்ந்தது என்பதைக் குறித்த அட்டைகள் உள்ளன. பி.டி. 381 வரிசையில், கப்பலின் எண்படி அடுக்கப்பட்ட பணியாளர் பட்டியல்களும் பயணக் குறிப்பேடுகளும் உள்ளன.

பெயரில்தான் சிக்கல். சில்ஹெட்காரர் ஒருவர் வாயால் சொன்ன பெயரை, கல்கத்தா கப்பல் அலுவலக குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்த பயணத்தில் இன்னொரு குமாஸ்தா இன்னொரு விதமாக எழுதினார். ஒரே பட்டியலில் நான்கு அப்துல்கள் இருக்கலாம். குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

இங்கே உதவுவது அந்தக் கால ஆள்சேர்ப்பு முறைதான். ‘ஸெராங்’ என்ற தலைவரே ஆட்களைத் திரட்டினார். பெரும்பாலும் சொந்த ஊர், உறவு, பக்கத்து கிராமம். கல்கத்தாவில் எஞ்சின் அறைக்கு சில்ஹெட், மேல்தளத்துக்கு நவகாளியும் சிட்டகாங்கும். பம்பாயில் மேல்தளத்துக்கு ரத்னகிரி. சமையலுக்கும் பரிமாறுவதற்கும் கோவா. ஆகவே தாத்தாவின் பெயர் அகப்படாவிட்டால் ஸெராங்கின் பெயரைத் தேடுவது பலன் தரும். ஒரு பட்டியலில் ஊர்க்காரர்கள் நான்கு பேர் இருந்தால் ஐந்தாமவரும் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

கடலில் மாண்டவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கடலையே கல்லறையாகக் கொண்ட வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு லண்டன் டவர் ஹில்லில் நினைவுச் சின்னம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட சுமார் 24,000 பேரின் பெயர்கள் அங்கே வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய மாலுமிகளின் பெயர்கள் இருப்பதோ ஏடுகளில். ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையில், இன்னொன்று மும்பை துறைமுகப் பகுதியில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில். ஒரே கடல், ஒரே குண்டு. ஒருவருக்கு வெண்கலம், மற்றவருக்குக் காகிதம்.

1947 இந்தத் தேடலை மேலும் கடினமாக்கிவிட்டது. தாத்தா பிறந்த கிராமம் இன்று வங்கதேசத்தில். கையெழுத்திட்டுக் கப்பலேறிய துறைமுகம் இந்தியாவில். கையெழுத்து இருக்கும் காகிதம் இங்கிலாந்தில். மூன்று நாடுகளில் எதுவும் அவரைத் தன்னுடைய வீரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்வதில்லை. பிரிட்டிஷ் கொடியின் கீழ், வெள்ளைக்கார மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதிக்காக வேலை செய்தவர். ராணுவ உடை அணியாதவர். எந்த நாட்டின் போர்க் கதையிலும் எளிதில் பொருந்தாதவர். சம்பள உயர்வு கேட்டு 1939இல் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்ததும், அதற்காகச் சிறை சென்றதும் பள்ளிப் பாடங்களில் அரிதாகவே இடம்பெறும்.

1941இல் இருபது வயதாக இருந்தவர் இன்று உயிரோடிருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. அவர்கள் சொன்னதைக் கேட்ட மகன்களும் மகள்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆவணக் காப்பகம் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க முடியாது. கியூவுக்கு எழுதுவதற்கு முன், வீட்டிலிருக்கும் பெரியவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருவது நல்லது.