சரக்குக்கு ஆள் உண்டு, பிள்ளைக்கு?

கல்லூரிகள் திறக்கும் காலம் வந்தால் நம் கடைத்தெருவில் ஒரு தனி வியாபாரம் சூடுபிடிக்கும். சூட்கேஸ், வாளி, மக், பாய், தலையணை, கொசுவலை, பூட்டு என்று ஒரே வீட்டுக்கு ஒரு ஆட்டோ நிறையச் சாமான் போகும். விற்கிற கடைக்காரர் வீட்டிலும் ஒரு பிள்ளை விடுதிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். சிதறாலிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் திருவனந்தபுரம், நெல்லை, மதுரை, கோவை, சென்னை என்று ஆண்டுதோறும் பிள்ளைகள் போகிறார்கள். முன்பு ஆண் பிள்ளைகள் மட்டும் போனார்கள். இன்று பெண் பிள்ளைகளும் போகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான்.

ஆனால் வியாபாரிகளாகிய நாம் இந்தக் காரியத்தில் எப்படி நடந்துகொள்கிறோம்? கட்டணம் கட்டியாயிற்று, சாமான் வாங்கியாயிற்று, கொண்டு விட்டாயிற்று, இனி படிப்பது அவன் பாடு என்று கல்லாவில் வந்து உட்கார்ந்துவிடுகிறோம். பிள்ளை கேட்டால் பணம் அனுப்புகிறோம். கேட்காவிட்டால் நலமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறோம். இது போதாது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கை மகன் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். மைத்துனர் வளைகுடாவில் வேலையாக இருந்தபடியால் தாய்மாமனாகிய நாம்தான் கொண்டு விட்டோம். அறையைப் பார்த்தோம், அலமாரியில் பூட்டுப் போட்டுக் கொடுத்தோம், கையில் பணம் கொடுத்தோம், அன்று இரவே ரயில் ஏறிவிட்டோம். மறுநாள் கடை திறக்க வேண்டுமே!

தினமும் இரவு கடை சாத்தும்போது போன் செய்வோம். "சாப்பிட்டியா மக்களே?" என்போம். "சாப்பிட்டேன் மாமா" என்பான். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். நாற்பது நாள் இப்படிப் போயிற்று. நாற்பத்தோராம் நாள் காலையில் கடை திறக்கும் நேரம், பையும் கையுமாக அவன் வாசலில் நிற்கிறான். இனி அங்கே போகமாட்டேன் என்கிறான். நாம் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "கட்டின பணம் என்ன ஆகும்?" இன்று அதை நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அன்று இரவு அவன் அம்மாவிடம்தான் விஷயம் வெளிவந்தது. போன முதல் வாரம் குளியலறைக்குப் பக்கத்தில் நின்று, "எனக்க வாளியை யாரு எடுத்தது?" என்று கேட்டிருக்கிறான். நம் பக்கத்துப் பேச்சு அதுதானே. வராந்தா முழுவதும் சிரித்திருக்கிறது. அன்று முதல் அவனுக்கு 'மலையாளத்தான்' என்று பெயர். யாரும் அடிக்கவில்லை, பணம் பறிக்கவில்லை. ஆனால் பையன் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். கூட்டம் கலைந்த பிறகு சாப்பிடப் போவானாம். மிச்சம் மீதி கிடைப்பதைச் சாப்பிடுவான், சில நாள் அதுவும் இல்லை. சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும் தேங்காய் எண்ணெயும் பழகிய வயிற்றுக்கு அங்குள்ள சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. நம்மிடம் சொன்ன "சாப்பிட்டேன் மாமா" பாதிக்குப் பாதி பொய்.

இதில் நம்மை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நம் கடைக்கு மோட்டார் பம்பு அனுப்பும் மொத்த வியாபாரி கோவையில்தான் இருக்கிறார். இருபது ஆண்டுப் பழக்கம். ஒரு பெட்டி நசுங்கி வந்தால் அன்றே அவருக்குப் போன் போகும். பிள்ளையைக் கொண்டு விட்ட நாளில் அவர் கடை வழியாகத்தான் ஆட்டோவில் போனோம். இறங்கி, "எங்க பையன் இங்கே படிக்க வந்திருக்கான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சரக்குக்கு அந்த ஊரில் நமக்கு ஆள் இருந்தது, பிள்ளைக்கு இல்லை.

ஒரு வாரம் பையனை வீட்டில் வைத்திருந்து, பிறகு நாமே கூட்டிக்கொண்டு போய் நேராக அந்த வியாபாரியின் வீட்டில் இறங்கினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றார். அவ்வளவுதான். ஞாயிறுதோறும் பையன் அந்த வீட்டுக்குப் போனான். சாப்பிடுவான், மத்தியானம் தூங்குவான், அவர் மகனுடன் பேசிக்கொண்டிருப்பான். விடுதிக் காப்பாளரையும் நாம் நேரில் பார்த்துப் பேசினோம். அவர் நல்ல மனிதர். இப்படி ஒரு பையன் சாப்பிடாமல் இருக்கிறான் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மார்கழிக்குள் அறையிலேயே இரண்டு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். ஞாயிறுப் பயணம் மாதம் ஒன்றாகக் குறைந்தது. ஒரு பாடத்தில் அரியர் வைத்தான், அதையும் எழுதி முடித்துத்தான் வெளியே வந்தான்.

நம் மண்ணுக்கு இது புதிது அல்ல. சிதறால் திருச்சாரணத்து மலை ஒன்பதாம் நூற்றாண்டில் பெயர் பெற்ற சமணப் பள்ளி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குறத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கி என்று அவரைக் குறிப்பிடுகிறது. பள்ளி என்ற சொல்லையே கவனியுங்கள். தமிழில் படுக்கும் இடத்துக்கும் அதுதான் சொல், துறவிகள் தங்கும் இடத்துக்கும் அதுதான், படிக்கும் இடத்துக்கும் அதுதான்.

முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலை அமைத்தான். அது 95 மாணவர் தங்கிப் படித்த இடம். யாரை யாராவது வசை பேசினாலும் ஆயுதத்தால் தாக்கினாலும் என்ன தண்டனை என்பதுவரை அந்தச் செப்பேட்டில் விதி இருக்கிறது. இளைஞர்கள் கூடித் தங்கும் இடத்தில் வம்பு வரும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழர் காலக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கிருந்த கல்விச்சாலை மாணவர்களுக்குச் சாப்பாடு மட்டுமல்ல, சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கும் ஏற்பாடு உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையும் அங்கேயே இருந்தது. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சனி நீராட்டு யார் செய்து வைப்பார் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் அல்லவா? அந்த யோசனைதான் இன்று நம்மிடம் குறைவு.

ஆகவே, இந்த ஆண்டு பிள்ளையை அனுப்பும் உறுப்பினர்களுக்கு நாம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, சாமானைக் குறையுங்கள். நான்கு பேர் இருக்கும் அறையில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கட்டில், ஒரு அலமாரி. நல்ல பூட்டு, பெயர் எழுதிய வாளி, இரண்டு போர்வை, காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் மருந்து வைத்த சிறு டப்பா போதும். ஆனால் தின்பண்டம் கட்டும்போது மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் காணும்படி கொடுத்தனுப்புங்கள். பகிர்ந்து தின்னத் தொடங்கிய இடத்தில்தான் பேச்சும் தொடங்கும்.

இரண்டாவது, பணம். கேட்கும்போதெல்லாம் போனிலேயே அனுப்பிவிடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது பிள்ளைக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. மாதம் பிறந்ததும் ஒரு தொகை என்று நிர்ணயித்துக் கொடுங்கள். அவசரத்துக்கு என்று தனியாக ஒரு சிறு தொகை கையிருப்பில் இருக்கட்டும். செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு நாள்வழி எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விற்பனை வரி அதிகாரி போல அந்த நோட்டைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அது அவன் கணக்கு.

மூன்றாவது, பேச்சு. "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு பெயர் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். வாரக்கணக்கில் ஒரு பெயரும் வராவிட்டால் ரயில் டிக்கெட் எடுங்கள். கடையை ஒரு நாள் அடைத்தால் குடி முழுகிவிடாது.

நான்காவது, வீட்டு ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. முதல் சில வாரங்கள் வீட்டு நினைப்பு வருவது இயற்கை. ஆதரவாகப் பேசினால் பெரும்பாலும் தணியும். ஆனால் மிரட்டல், பணப் பறிப்பு, அவமானப்படுத்துதல், அடி என்று வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைமையும் குற்றத்துக்கு உடந்தை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன் உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் இதைப் பதிந்து கொடுங்கள்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதியில் சேர்ப்பவர்கள், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விடுதி உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சரக்கு வாங்கும்போது பில் கேட்கும் நாம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற ஊரில் ஒரு வீட்டை அறிமுகம் செய்து வையுங்கள். இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்வது நமக்குத் தெரியும். "பிள்ளை தனியாக நிற்கப் பழக வேண்டாமா?" என்பார்கள். பழகட்டும். நீச்சல் பழகும் பிள்ளைக்கும் முதலில் இடுப்பில் கயிறு கட்டித்தான் ஆற்றில் விடுகிறோம். பிறகு அவனே கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், நம் மருமகன் ஞாயிறுப் பயணத்தைக் குறைத்துக்கொண்டது போல. "அடுத்தவர் வீட்டுக்குச் சுமை ஆகாதா?" என்பார்கள். மாதம் ஒரு நாள் ஒரு இலை கூடப் போடுவது எந்த வீட்டுக்கும் சுமையல்ல. நம் ஊருக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு நாமும் அதைச் செய்தால் கணக்கு நேராகிவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அந்த வீட்டாரை வேவு பார்க்கும் ஆளாக ஆக்கிவிடாதீர்கள். "எங்கே சுற்றுகிறான், யாரோடு பேசுகிறான்?" என்று அவர்களைக் கேட்கத் தொடங்கினால் பிள்ளை அந்த வாசலை மிதிக்கமாட்டான். வீட்டாரை நன்கு அறிந்த பிறகே அனுப்ப வேண்டும் என்பதும், பெண் பிள்ளையானால் அந்த வீட்டுப் பெண்களிடம் நம் வீட்டுப் பெண்கள் நேரில் பேசியிருக்க வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

கல்லூரி விடுதிகளுக்கு அருகில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பற்று எழுதிப் பற்று எழுதி ஒரு மாணவனைக் கடனாளி ஆக்குவதும், பதினெட்டு நிரம்பாதவனுக்குச் சிகரெட் விற்பதும் வியாபாரம் ஆகாது. இரண்டு நாளாக டீ குடிக்க வரும் பையன் முகம் வாடியிருந்தால், "என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்று கேளுங்கள். அவன் பெற்றோர் எங்கோ ஒரு கல்லாவில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

வணிகர்கள் கூடினால் கல்விக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு விருதுநகரே சாட்சி. வியாபாரத்தில் மகமை எடுத்துச் சேர்த்த பணத்தில் 1889-இல் அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை நாம் இப்போது கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சங்க அலுவலகத்தில் அது இருக்கட்டும். எந்தெந்த ஊரில் நமக்கு நம்பிக்கையான கொள்முதல் வியாபாரி, கமிஷன் மண்டிக்காரர் இருக்கிறார், யார் வீட்டில் விடுதிப் பிள்ளையை மாதம் ஒரு நாள் சாப்பிட அழைக்கச் சம்மதிக்கிறார்கள் என்று ஊர்வாரியாக, அவர்கள் ஒப்புதலுடன் எழுதி வைப்போம். பிள்ளையை அனுப்புகிறவர் வந்து பார்த்து, செயலாளர் மூலம் பேசிக்கொள்ளட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் கோவை என்று எழுதி அந்த மொத்த வியாபாரியின் பெயரைச் சேர்க்கலாம். அவரிடம் கேட்டுவிட்டோம், சரி என்று சொல்லிவிட்டார். சிதறால் பக்கம் நம் வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.