சாவியைக் கொடுத்த பிறகு



"ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. வடக்குத்துப் பக்கம் மனை வாங்கலாமா, சொந்த ஊருக்கே போயிடலாமா?" இப்படிக் கேட்டு எழுதும் வாசகர்களுக்கு நம்மிடம் குறைவே இல்லை. ஆசிரியரை வீட்டுத் தரகராக்கிவிட்டீர்களே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் நெய்வேலிக்காரர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. ஊரும் அதன் சொத்தாகவே எழுந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமாகத் தெரு போட்டு, மாவும் பலாவும் வைக்க இடம் விட்டு, ஆயிரக்கணக்கில் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். அதில் ஒன்றையும் நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. அறுபது வயதில் பணி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரம் அடுத்து வருபவருக்கு.

பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் கைக்கு வரும் நேரமும் வீட்டைக் காலி செய்யும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்திலும் இந்திரா நகரிலும்தான் இறங்குகிறது. பழகிய மருத்துவமனையும் சந்தையும் பக்கத்தில், பேருந்து ஏற நெடுஞ்சாலை வாசலில் என்றால் யாருக்குத்தான் மனம் வராது? முந்திரித் தோப்பாக இருந்த செம்மண் இது. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்துப்போட்ட தோப்புகளில் மறுபடி கன்று நட்டவர்களும் உண்டு, மனைக்கல் நட்டவர்களும் உண்டு.

இன்னொரு பக்கமிருந்தும் பணம் வருகிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வருபவர்களின் இழப்பீடு அது. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்தில் வயலுக்குள் நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியதை நாம் மறந்துவிடவில்லை. ஏக்கராகக் கொடுத்தவர் சென்ட்டாக வாங்குகிறார். ஒரு சென்ட் 435 சதுர அடிச் சொச்சம். ஏர் ஓட்டிய கைக்கு அந்தக் கணக்கு பழக நாளாகும்.

இனி விலைக்கு வருவோம். நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நின்றுபோனது. நகரியத்தின் மக்கள்தொகை 2001-ஐ விட 2011-இல் குறைந்து 1,05,731 ஆனது. ஓய்வுக்காலப் பணத்தோடு மனை தேடி வருபவர் கூட்டம் இனி ஆண்டுக்காண்டு மெலியும். பெருகியிருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகை வீடு. தெருவுக்குத் தெரு மாடி எடுத்துக் கட்டுவதும் அதனால்தான். ஆகவே என் கருத்து இது: குடியிருக்க வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று புரோக்கர் காட்டும் காலி மனை என்றால், தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். கோலார் தங்கவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2001-இல் சுரங்கம் மூடியபின் அங்கிருந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆண்களும் பெண்களும் இன்றும் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நெய்வேலி அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே முதலாளியை நம்பிய ஊரில் வீட்டு விலைக்கும் அந்த ஒரே முதலாளிதான் ஆதாரம்.

பத்திரம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு வந்த விதிகளின்படி, 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ ஒரு மனையாவது பதிவாகி விற்ற மனைப்பிரிவுகளுக்கே வரன்முறை உண்டு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சரி, சென்ட் என்ன விலை?" என்றால் யாரிடமும் நேரான பதில் இல்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு 2017-இல் 33 சதவீதம் இறங்கி, 2023-இல் பழைய இடத்துக்கே ஏறியது. இறங்கிய நாளில் தெருவில் விலை இறங்கியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. தேசிய வீட்டுவசதி வங்கி 50 நகரங்களுக்கு விலைக் குறியீடு வெளியிடுகிறது. நெய்வேலி அதில் இல்லை.

அதனால் ஓர் உதவி வேண்டும். வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் மனையோ வீடோ வாங்கியவர்கள், விற்றவர்கள் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எந்த ஆண்டு, எத்தனை சென்ட், கையில் கொடுத்த உண்மையான விலை, இப்போதைய வாடகை ஆகியவை போதும். பெயரும் முகவரியும் வேண்டாம். வந்தவற்றை ஆண்டுவாரியாகத் தொகுத்து இதே இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்