பெட்டிக்கடையில் மருந்து விற்கலாமா?

பிழைப்பின் பொருட்டு மாநில எல்லை கடந்து வந்த நம் குடும்பங்களுள் பெட்டிக்கடையோ மளிகைக்கடையோ நடத்தி வாழ்வோர் உண்டு. விழிஞ்ஞம் போன்ற துறைமுக ஊரில் இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், வேலையிலிருந்து திரும்பியவருக்குத் தலைவலி கண்டாலும், முதலில் நாடப்படுவது தெருமுனைக் கடையே. ஆகவே, பாராசிட்டமால் அட்டைகள் நான்கும் இருமல் மருந்துக் குப்பிகள் சிலவும் வாங்கி வைத்தால் என்ன என்று கடைக்காரர் எண்ணுவது இயல்பு. அதற்கு அரசின் ஒப்புதல் வேண்டுமா, வேண்டுமெனில் அதனைப் பெறும் வழி யாது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

‘மருத்துவர் சீட்டு வேண்டாத மருந்துக்கு லைசென்சும் வேண்டாம்’ என்று பலர் நம்பியிருக்கின்றனர். இது தவறு. சீட்டு வாங்குவோரைப் பற்றியது. லைசென்சு விற்போரைப் பற்றியது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, உரிமமின்றி மருந்து விற்பதையும் விற்பனைக்காக இருப்பு வைப்பதையும் தடுக்கின்றது. சீட்டின்றி விற்கத்தக்கவை இவையிவை என்று தனிப் பட்டியல் எதுவும் அச்சட்டத்தில் இல்லை. சீட்டின்மேல் மட்டுமே விற்க வேண்டியவை எச், எச்-1, எக்ஸ் என்னும் அட்டவணைகளில் அடங்கியுள்ளன. அவற்றிற்குப் புறம்பானவற்றையே உலக வழக்கில் ‘சீட்டு வேண்டாத மருந்து’ என்கிறோம். 16 மருந்துகளுக்குச் சீட்டிலிருந்து விலக்களிக்க மத்திய அரசு 2022 மே மாதம் ஒரு வரைவு வெளியிட்டதுண்டு. அந்த வரைவிலும், உரிமம் பெற்ற கடைக்காரரே அவற்றை விற்கலாம் என்றுதான் கண்டிருந்தது.

ஒரு விலக்கு உண்டு என்பது மெய்யே. 1945ஆம் ஆண்டு விதிகளின் கே அட்டவணையில் வீட்டு மருந்துகள் சில கூறப்பட்டுள்ளன. ஆஸ்பிரின், பாராசிட்டமால் மாத்திரைகள், வலி தீர்க்கும் தைலம், கிரைப் வாட்டர், யூகலிப்டஸ் எண்ணெய், பஞ்சு, கட்டுத்துணி முதலியவை அவற்றுள் சேரும். இவற்றை உரிமமின்றி விற்கலாம். ஆனால் எங்கே? ஆயிரம் பேருக்கு மிகாத மக்கள் வாழும் சிற்றூரில், அதுவும் உரிமம் பெற்ற மருந்துக்கடை இல்லாத இடத்தில் மட்டுமே. விழிஞ்ஞமோ 2010ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் பகுதியாக இருப்பது. ‘எங்கள் ஊர்க் கடையில் யாரும் கேட்பதில்லையே’ என்று சொந்தக் கிராமத்து வழக்கத்தைச் சான்று காட்டி இங்கே தப்ப இயலாது. மீறினால் 27ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஒரு சிறு குடும்பத்தின் வாழ்வையே இது குலைத்துவிடும்.

அப்படியாயின் நேரிய வழி யாது? வழிகள் இரண்டு உள. முதலாவது முழு உரிமம். 10 சதுர மீட்டருக்குக் குறையாத இடமும், பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரும் இதற்கு வேண்டும். 19ஆம் படிவத்தில் விண்ணப்பித்து 20, 21 ஆகிய படிவங்களில் உரிமம் பெறலாம். இரண்டாவது வரையறுத்த உரிமம். மருந்தாளுநரை அமர்த்த இயலாத சிறு வணிகருக்கென்றே விதிகள் வகுத்தது இது. 19-ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் 20-ஏ படிவத்தில் கிடைக்கும். தகுதியுடையவரின் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளை மட்டும், ஆலையில் அடைத்த உறையிலேயே, உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கி விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மருந்தைக் கெடாமல் வைக்கத்தக்க இடமும் வேண்டும். விண்ணப்பித்தோர்க்கெல்லாம் இது கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. அவ்வட்டாரத்தில் முந்திய ஆண்டு எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன, விண்ணப்பிப்பவர் செய்யும் தொழில் யாது என்பவற்றை அதிகாரி கருதியே முடிவு செய்வார். ஆகையால் சரக்கு வாங்கும் முன்னரே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அலுவலகத்திற்குச் சென்று விசாரித்தல் அறிவுடைமை. கிடைத்த உரிமம் நிலைத்திருக்க, ஐந்தாண்டுக்கொரு முறை தொடர்வுக் கட்டணம் செலுத்தி வர வேண்டும்.

‘இரண்டு மாத்திரை விற்க இத்தனை கெடுபிடியா?’ என்று கேட்கலாம். இதற்கு விடை 2025 அக்டோபரில் நாடறியக் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், ‘கோல்ட்ரிப்’ என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தனர். அம்மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அம்மருந்து ஆக்கப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அதிகாரிகள் எடுத்த மாதிரியில் டைஎதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. கேரள அரசும் உடனே அதன் விற்பனையை நிறுத்தியது. 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் சீட்டின்றி இருமல் மருந்து விற்கலாகாது என்றும் கூறியது.

‘உரிமம் பெற்ற ஆலையிலேயே நஞ்சு புகுந்ததே, பிறகு உரிமத்தால் என்ன பயன்?’ என்பது நியாயமான கேள்விதான். தவறே நிகழாதென்று உரிமம் உறுதி கூறுவதில்லை. நிகழ்ந்த தவறு எங்கெங்கே பரவியது என்று காட்டுவதே அதன் பெரும்பயன். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த சல்பனிலமைடு மருந்தினால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று, விற்பனைக் கணக்குகளைப் புரட்டி, 240 காலன் மருந்தில் 234 காலனை மீட்டனர். மீதி ஆறு காலனே அத்தனை உயிர்களைக் கொண்டது. மீட்காதிருந்தால் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும்!

உரிமமுள்ள கடையில் கொள்முதல் பில் இருக்கும்; அதில் தொகுதி எண் இருக்கும். ‘இத்தொகுதியை விற்காதே’ என்னும் ஆணை அக்கடையை எட்டும். கணக்கின்றி மருந்து விற்கும் கடையை அந்த ஆணை எப்படித் தேடிச் சென்று அடையும்? அங்கே குப்பி விற்றுத் தீரும் வரை அலமாரியிலேயே இருக்கும். அதை வாங்குபவரோ நம் பக்கத்து வீட்டுத் தாயாக இருப்பார்.

சித்த மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றை விற்க இச்சட்டத்தில் தனி விற்பனை உரிமம் கேட்கப்படுவதில்லை. ஆயினும் ஆக்குவதற்கு உரிமம் கட்டாயம் வேண்டும். எனவே ஊரிலிருந்து லேகியமும் சூரணமும் தருவித்து விற்போர், உறையில் ஆக்கியோரின் பெயரும் உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்த்தே வாங்குக. வீட்டில் இடித்த சூரணத்தைக் குப்பியில் அடைத்து விற்றல் குற்றமாகும்.

கடை நடத்துவோர் உரிமம் கிடைக்கும் வரை மருந்து விற்பதைத் தவிர்ப்பாராக. வாங்குவோர் பில் கேட்டு வாங்குவாராக. பெயரும் காலாவதி நாளும் தெரியாதபடி கத்தரித்துத் தரும் மாத்திரையை ஏற்காதிருப்பாராக. அயலூரில் வாழும் நமக்குச் சட்டத்தைப் பேணி நடத்தல் மானத்திற்கும் காப்பு. குழந்தைகளின் உயிருக்கும் காப்பு.