உடம்புக்குள்ளும் பட்டாவா?

நிலத்துக்குப் பட்டா உண்டு. மில்லுக்கு முதலாளி உண்டு. மனித உடம்புக்குள் இருக்கும் மரபணுவுக்கும் சொந்தக்காரன் உண்டா? உண்டு என்றே அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி பல ஆண்டுகள் சாதித்து வந்தது.

அந்த மரபணுவின் பெயர் பி.ஆர்.சி.ஏ.-1. ஸ்பின்னிங் மில்லில் இழை அறுந்தால் சைடர் ஓடிப்போய்ப் பிணைக்கிறார் அல்லவா? நம் உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் இழை அறுபடுவதுண்டு. அதைப் பிணைக்கும் வேலையில் இந்த மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. இது பழுதானால் பிழைகள் குவிந்து புற்றுநோய் கிளம்பக்கூடும். தாயிடமோ தந்தையிடமோ இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அமெரிக்காவில் 100 பெண்களில் சுமார் 13 பேருக்கு ஆயுளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பழுதுள்ள பெண்களிலோ 100க்கு 60 பேருக்கு மேல்! மார்பகப் புற்றுநோய் எல்லாம் பரம்பரையால் வருவதல்ல; 100க்கு 5 முதல் 10 வரைதான். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்னை. இது விதியுமல்ல, முன்வினையுமல்ல. முன்கூட்டித் தெரிந்தால் அடிக்கடி சோதித்து நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். ஆபரேஷன் செய்து ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

அப்படித் தெரிந்துகொள்ளும் வழிக்குத்தான் கம்பெனி பூட்டுப் போட்டது.

இந்த மரபணு 17வது குரோமோசோமில் இருப்பதை 1990ல் காட்டியவர் பேராசிரியை மேரி கிளேர் கிங். 1994ல் அதைப் பிரித்தெடுத்ததில் கம்பெனியோடு யூட்டா பல்கலைக்கழகத்தாரும் சர்க்கார் விஞ்ஞானிகளும் பங்கு கொண்டனர். உழைப்பு பலருடையது, பேடண்டின் ஆதாயமோ கம்பெனிக்கு! மற்ற ஆய்வுக்கூடங்கள் பரிசோதிக்கக் கூடாதென்று அது தடுத்தது. கட்டணம் 3,000 டாலருக்கு மேல் ஏறியது.

பேடண்ட் இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார் என்று கேட்கிறார்கள். பொதுப்பணமும் பொது விஞ்ஞானிகளும் இல்லாமல் இந்த ஆராய்ச்சி நடந்ததா என்று நாம் கேட்கிறோம்.

2009ல் பெண்களும் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வழக்குத் தொடுத்தனர். 2013 ஜூன் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அதற்குப் பேடண்ட் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் பிரதிக்கு மட்டும் அனுமதித்தனர். அன்றைக்கே வேறு ஆய்வுக்கூடங்கள் குறைந்த கட்டணத்தில் பரிசோதனையை அறிவித்தன.

பூட்டு உடைந்தது. ஆனால் கையில் காசில்லாதவளுக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை. குடும்பத்தில் இந்நோய் கண்ட பெண், எந்த நாட்டவளானாலும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பரிசோதனை பெற வேண்டும். அதுவே முழு வெற்றி.